படகுத் தச்சு கற்கச் சம்பளத்தோடு ஒரு வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் தங்கள் நாளிதழில் தொழில்திறன் பயிற்சி பற்றிய அறிவிப்புகளும் கட்டுரைகளும் பக்கம் பக்கமாக வருகின்றன. மின்கம்பி இணைப்பு, குளிர்சாதனப் பழுது, வாகனப் பழுது, சமையல், சிகையலங்காரம் என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டப்படும் வழிகளை நான் குறை கூறவில்லை. ஆனால் அவற்றுள் நான் ஒருமுறைகூடப் பெயர் காணாத ஒரு தொழில், எங்கள் ஊத்தான் மெலிந்தாங்கில், செம்பனைத் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம் போனால் வரும் பெர்ணம் ஆற்றங்கரையில், இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. மரப்படகு கட்டுவதும் பழுதுபார்ப்பதும்தான் அது. அதைக் கற்க விரும்பும் இளைஞனுக்குச் சம்பளத்தோடும் சான்றிதழோடும் ஒரு வழி திறக்க வேண்டும் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் இவ்வட்டாரத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவன். முப்பத்தொரு ஆண்டுகள் தோட்டத் தச்சனாக வேலை பார்த்தேன். லயத்து வீடுகளின் சன்னல், கதவு, கூரைச் சட்டம், ஆயாக் கொட்டகையின் பெஞ்சு, கோயில் தேரின் சக்கரக் கட்டை, இறந்தவர்களுக்குப் பெட்டி என்று மரத்தில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். அறுபது வயதில் ஓய்வு பெற்றுப் பட்டணத்துத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த பிறகு, வீட்டுத் திண்ணைக்குக் கழிவுப் பலகை வாங்கலாம் என்று ஆற்றங்கரைப் பட்டறைக்குப் போனேன். பலகை வாங்க மறந்துபோய் மாலை வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் அந்தப் பட்டறையின் முதிய சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, கையில் வைத்திருந்த வாய்ச்சி என்னும் செதுக்குக் கருவியை என்னிடம் நீட்டி, "அண்ணே, பார்த்தது போதும், செதுக்கு" என்று பாசார் மலாயில் சொன்னார். அன்றிலிருந்து ஏழு ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் இருக்கிறேன். முழுப் படகுத் தச்சன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

வீட்டுத் தச்சனுக்குத் தூக்குக்குண்டும் மூலைமட்டமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. படகில் அவை இரண்டுக்கும் வேலை மிகக் குறைவு. அங்கே செங்கோணம் என்பதே அரிது. ஏரா என்னும் அடிமரத்தின் மேல் வங்குகள் என்னும் விலாச் சட்டங்களை நிறுத்திய பிறகு, அவற்றின் மேல் ஏறும் ஒவ்வொரு பலகையும் நடுவில் அகன்று, முன்பக்கமான அணியத்தை நோக்கியும் பின்பக்கமான அமரத்தை நோக்கியும் குறுகி, முறுக்கிக்கொண்டு போகிறது. வங்கின் வெளி விளிம்பு படகின் நடுப்பகுதியில் ஏறக்குறையச் சதுரமாக இருக்கும்; அணியத்தை நெருங்க நெருங்க அதன் சாய்வு ஒரு வங்கிலிருந்து அடுத்த வங்குக்கு மட்டுமன்றி, ஒரே வங்கின் மேலிருந்து கீழ் வரையிலும் மாறிக்கொண்டே போகும். அந்தச் சாய்வைச் சரியாகச் செதுக்காவிட்டால் பலகை ஓர் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஆணி அடித்தவுடன் பிளந்துவிடும்.

பலகையின் உருவத்தை எடுப்பது எப்படி என்று வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் வியப்பூட்டியது அதுதான். ஏற்கெனவே அடித்த பலகைக்கு மேலுள்ள இடைவெளியில் மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றைத் தற்காலிகமாக நிறுத்துகிறோம். கவராயத்தை ஒரே அகலத்தில் பூட்டி, கீழ்ப்பலகையின் விளிம்பிலிருந்து அந்தத் துண்டின் மேல் புள்ளி புள்ளியாகக் குறிக்கிறோம். பிறகு அதைக் கழற்றிப் புதிய பலகையின் மேல் கிடத்தி, அதே கவராயத்தால் திரும்ப அளந்து, புள்ளிகளை வளைகோலால் இணைக்கிறோம். நேராக ஓடும் என்று நாம் எதிர்பார்க்கும் கோடு வாழைப்பழம்போல் வளைந்து விழுகிறது. பார்ப்பவர் யாரும் அது தவறு என்றுதான் சொல்வார். அந்தக் கோட்டின்படி அறுத்து, தூக்கிக்கொண்டு போய், வங்குகளின் மேல் வளைத்து அழுத்தினால், அந்த வாழைப்பழ வளைவு மறைந்து, பலகை கீழ்ப்பலகையோடு மயிரிழை பிசகாமல் உட்காருகிறது. இதை நோட்டுப் புத்தகத்தில் படமாக வரைந்து விளக்க முடியும். ஆனால் முதல் பத்துப் பலகைகளைக் கெடுக்காமல் எவருக்கும் அது கையில் வராது.

கெடுத்தவர்களில் நானும் ஒருவன். மலாய்க்காரர்கள் செங்கால் என்று அழைக்கும் மரம் இந்நாட்டுப் படகுகளுக்கு ராஜ மரம். கனமும் உறுதியும் மிக்கது, கரையானும் எளிதில் அண்டாது, வளர்வதோ மிக மெதுவாக. அதை வளைக்க, பலகையின் ஒரு முனையை இறுக்கிக் கட்டி, மறுமுனையில் கல் தொங்கவிட்டு, நடுவில் தீ மூட்டி, கருகாமல் இருக்க ஓயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். என் இரண்டாம் ஆண்டில் தவுக்கே ஒரு நல்ல செங்கால் பலகையை என் பொறுப்பில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். கல் இறங்கவில்லையே என்று பொறுமையிழந்து இன்னொரு கல்லைச் சேர்த்தேன். துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். பலகை நடுவில் பிளந்துவிட்டது. அவர் திரும்பி வந்து, உடைந்த பலகையில் கைவைத்துப் பார்த்து, "மரம் தயாரானதும் கல் தானே இறங்கும். நீ இறக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அந்தப் பலகையின் விலை அவருக்கு எத்தனை பெரிய இழப்பு என்பது எனக்குத் தெரியும். இன்று தெளித்த தண்ணீர் ஆவியாகும் ஓசையிலும், சூடேறிய மரத்தின் வாடையிலும் நேரம் வந்துவிட்டதா என்று ஓரளவு கண்டுகொள்கிறேன். ஒரு கற்றுக்குட்டி பலகை உடைக்கும் செலவை யார் ஏற்பது என்பதுதான் இத்தொழிலைக் கற்பிப்பதில் உள்ள முதல் சிக்கல். ஒரு சிறு பட்டறை முதலாளியால் அதை என்றென்றும் தனியாகச் சுமக்க முடியாது.

அடுத்தது கலப்பத்து. பலகைகளின் பொருத்துகளில் பஞ்சுத் திரியை உளியால் திணித்து, மேலே சாந்து பூசித் தண்ணீர் புகாமல் அடைப்பதற்குத் தமிழில் உள்ள பழைய சொல் அது. போர்த்துக்கீசியரிடமிருந்து நம் கடற்கரைத் தச்சர்கள் எடுத்துக்கொண்டது. மலாய்த் தச்சர்கள் மரப்பிசினான குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்துச் சாந்தாக்கினார்கள். சீனத் தச்சர்கள் சுண்ணாம்பையும் மர எண்ணெயையும் சேர்த்து இடித்தார்கள். அந்தச் சீனச் சாந்தை வெள்ளைக்காரர்கள் தங்கள் புத்தகங்களில் 'சுனாம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது நம் சுண்ணாம்புதான். தவுக்கேயிடம் இதைச் சொன்னபோது அவர் அந்தச் சொல்லை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பஞ்சு போதுமான அளவு இறங்கிவிட்டதா என்பதைக் கண் சொல்லாது, காதுதான் சொல்லும். கொட்டாப்புளியால் உளியைத் தட்டும்போது தொடக்கத்தில் சத்தம் மந்தமாக, மூட்டை மேல் அடிப்பதுபோல் இருக்கும். பொருத்து நிறைய நிறைய அது கூர்மையாகி, கடைசியில் கணீர் என்று வரும். அப்போது நிறுத்த வேண்டும். அதற்கு மேலும் அடித்தால் திரி பலகைகளை விலக்கி ஆணியைத் தளர்த்திவிடும். முன்பே நிறுத்தினால் கடலில் அலை மோதும்போது பஞ்சு பிதுங்கி வெளியே வரும். தவுக்கே பட்டறையின் மறுகோடியில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். திரும்பிப் பார்க்காமலேயே "இன்னும் இரண்டு அடி" என்பார். இந்தக் காதை ஒரு பயிற்சிக் கையேடு எப்படித் தரும்?

இவ்வளவும் செய்து முடித்துத் தண்ணீரில் இறக்கினால் படகு முதல் நாள் கசியத்தான் செய்யும். மரம் தண்ணீர் குடித்து ஊதிப் பொருத்துகள் இறுகும் வரை இரவும் பகலும் பம்பு ஓட வேண்டும். பழுதுபார்ப்பிலும் ஓர் உண்மையைக் கற்றேன்: மரப்படகை உளுத்துப்போக வைப்பது கடல் நீரன்று, மழைநீர்தான். உப்பு நீர் மரத்தைக் காக்கிறது. மேல்தளத்தின் விரிசல் வழியே இறங்கி மூலையில் தேங்கும் மழைநீர்தான் வங்கின் தலையைத் தின்கிறது. ஆகவே பழைய படகு கரையேறியதும் அடிப்பகுதியைப் பார்ப்பதற்கு முன் மேல்தளத்தின் ஓரங்களைத் தட்டிப் பார்க்கச் சொல்வார்கள்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், தவுக்கேயின் அனுமதியோடு, இரண்டு தமிழ் இளைஞர்களை அங்கே பயிற்சிக்குச் சேர்க்க உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பாடத்திட்டம் உண்டா என்றார்கள்; தேர்வு உண்டா என்றார்கள்; கற்பிப்பவரின் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படகு கட்டிவரும் மனிதரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. கோப்பு அத்தோடு மூடப்பட்டது. சில மாதங்களுக்குப் பிறகு, பாரம்பரியப் படகுக் கலையை இளைஞர்களுக்கு அறிமுகப்படுத்துவதாகச் சொல்லி, வேறோர் அமைப்பு இரண்டு நாள் பட்டறை ஒன்றை மண்டபத்தில் நடத்தியது. பிள்ளைகள் மெல்லிய பலகையில் கைப்பிடி அளவு படகு ஒட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், ஆளுக்கொரு சான்றிதழும் வாங்கிக்கொண்டார்கள். ஐந்து தலைமுறைக்கு உதவியிருக்கக்கூடிய பணம் சாப்பாட்டுக்கும் பதாகைக்கும் போனது. ஏற்பாடு செய்தவர்களின் நல்லெண்ணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டுப்பசையால் பொம்மைப் படகு செய்த பிள்ளைக்கு, செங்கால் பலகை எவ்வளவு கனக்கும் என்பதுகூடத் தெரிந்திருக்காது.

வழி இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஏற்பாடுகளிலேயே அது இருக்கிறது. எஸ்.எல்.டி.என். எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் பயிற்சியாளன் தன் நேரத்தில் 70 முதல் 80 விழுக்காடு வரை வேலையிடத்திலேயே கழிக்கிறான், எஞ்சியதுதான் வகுப்பறை. படகுத் தச்சுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கற்பிப்பவரிடம் சான்றிதழ் இல்லை என்பதற்கும் மருந்து உண்டு. முன்பே பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் பி.பி.டி. முறை நடைமுறையில் இருக்கிறது. எழுதப் படிக்க அதிகம் தெரியாத தவுக்கேயிடம் கோப்பு தயாரித்து வா என்று சொல்லாமல், மதிப்பீட்டாளர் ஒருவர் பட்டறைக்கு வந்து, அவர் கட்டிய படகுகளின் அடியில் ஒரு நாள் குனிந்து பார்த்தால் போதும். அன்று அலுவலகத்தில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. பிறகு நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நம் சமூகத்துக்கென ஒதுக்கப்படும் பயிற்சி நிதியை வைத்திருப்போர், ஆண்டுக்கு நான்கைந்து பிள்ளைகளுக்கு மட்டும், மூன்று ஆண்டு உதவித்தொகையும், பயிற்சியில் வீணாகும் மரத்துக்கு ஒரு தொகையும் தந்தால் இந்தப் பட்டறைக்கு அதுவே பெரிய காரியம். பெரிய கட்டடம் வேண்டாம்.

தொகையை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். பேரங்காடியில் அட்டைப்பெட்டி அடுக்கினாலும் அது கிடைக்கிறது. அப்படியிருக்க, மகனை ஆற்றங்கரைக்கு அனுப்பிச் சேற்றில் நின்று ஆணி பொறுக்கச் சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? உதவி கிடைக்காமலே என்னோடு பட்டறைக்கு வந்த அந்த இரண்டு இளைஞர்களும் கெட்டிக்காரர்கள். ஒருவன் எட்டு மாதத்தில் வாய்ச்சி பிடிக்க என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டான். தகப்பனார் படுக்கையில் விழுந்ததும் லாரி உதவியாளனாகப் போய்விட்டான். "மாமா, இங்கேயே மாதச் சம்பளம் வந்தா நான் ஏன் போறேன்" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மற்றவன் மூன்றாம் ஆண்டாக நிற்கிறான். அவன் நிற்பது அவனுடைய அக்காளின் சம்பளத்தில்.

கண்ணாடியிழைப் படகு வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கண்ணாடியிழைப் படகு இலேசானது, பராமரிப்பும் குறைவு. சிறு மீனவர்கள் அதை வாங்குவதில் வியப்பில்லை. செங்கால் மரமும் கிடைப்பது அரிதாகி விலை ஏறிவிட்டது. எங்கள் பட்டறையில் புதுப்படகு எழுவது எப்போதாவதுதான். ஆயினும் ஆழ்கடலுக்குப் போகும் மரப்படகுகள் இன்னும் இந்த ஆற்றில் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட காலத்தில் கரையேறியாக வேண்டும்; பலகை மாற்ற, கலப்பத்துப் பார்க்க, சுக்கான் சரிசெய்ய ஆள் வேண்டும். கெட்ட பலகையை மட்டும் கழற்றிவிட்டுப் புதியது வைக்க முடிவதால்தான் மரப்படகு தலைமுறை தாண்டி ஓடுகிறது. பழுதுபார்ப்பு வேலைக்கே இன்று கைகள் போதவில்லை. பட்டறையில் இருக்கும் தச்சர்களில் இளையவருக்கு ஐம்பத்தெட்டு வயது. படகுகள் இருக்கின்றன, தச்சர்கள் முதலில் தீர்ந்துபோவார்கள் என்ற நிலையில்தான் நாங்கள் இருக்கிறோம்.

கிழக்குக் கரையில் கோலத் திரெங்கானுவின் டூயோங் தீவு மலாய்த் தச்சர்களின் தொழிலை ஆசிரியர் அறிவீர்கள். அவர்கள் வரைபடம் இல்லாமல், வங்குகளுக்கு முன்பே பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மரமுளைகளால் கோத்து, இடையில் கெலாம் மரப்பட்டையை வைத்துப் படகின் உடலை எழுப்புகிறவர்கள். எங்கள் பட்டறை முறைக்கு அது நேர் தலைகீழ். அண்டை நாடான இந்தோனேசியா, தென் சுலாவெசியின் பினிசி படகு கட்டும் கலையை 2017இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெறச் செய்தது. இந்தியக் கடற்படை 2025 மே மாதம் கௌண்டின்யா என்ற தையல் கப்பலைச் சேவையில் சேர்த்துக்கொண்டது. அதற்கு மாதிரியாக இருந்தது அஜந்தா குகையின் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று. ஓவியம் ஆயிரத்தைந்நூறு ஆண்டு தாங்கி நின்றது உண்மைதான். ஆனால் அதைக் கப்பலாக்கியது, தேங்காய் நார்க் கயிற்றால் பலகை தைக்கத் தெரிந்த கேரளத்துக் கைவினைஞர்கள் இன்னும் உயிரோடிருந்ததுதான். அவர்கள் இல்லையென்றால் அது சுவரில் ஓவியமாகவே நின்றிருக்கும்.

நாமோ மேடைதோறும் இராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்துக்குக் கப்பல் செலுத்தியதைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். பெருமை கொள்ளத்தக்கதுதான். ஆனால் அந்தப் பேச்சைக் கைதட்டிக் கேட்கும் பிள்ளைகளில் ஒருவருக்காவது அணியம் எது, அமரம் எது என்று தெரியுமா? எனக்கே அறுபது வயது வரை தெரியாது. சிறுவயதில் சம்பானில் சபாக் பெர்ணம் பக்கம் ஆற்றைக் கடக்கும்போது, நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து வந்த என் அப்பாயி, "அணியத்துல உக்காராதடா, உள்ள வா" என்று கையைப் பிடித்து இழுப்பார். அணியம் என்றால் ஏதோ ஆபத்தான இடம் என்றே நினைத்து வளர்ந்தேன். அறுபது வயதில், பட்டறையில் முன்மரத்துக்கு எதிரே நின்றபோது, அது படகின் முகப்பு என்பது சட்டென்று விளங்கியது. தோட்டத்துக்கு வந்த நம்மவர்களில் கடற்கரை மனிதர்களும் இருந்தார்கள். அவர்களுடைய சொற்கள் பால்மரக் காட்டில் பயன்படாமல் உதிர்ந்துவிட்டன. ஏரா, வங்கு, பருமல், கலப்பத்து ஆகியவற்றை இப்போது நான் பட்டறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் தவுக்கேயின் பேரன் சீனச் சொல்லையும், மலாய்த் தச்சர் ஒருவர் மலாய்ச் சொல்லையும் எழுதியிருக்கிறார்கள்.

தற்போது பட்டறையில் ஒரு மீன்பிடிப் படகு ஏற்றப்பட்டிருக்கிறது. வலப்புறம் நான்கு பலகைகளும், அணியத்தருகே இரண்டு வங்குகளும் மாற்ற வேண்டியிருக்கிறது. தீபாவளிக்கு முன் இறக்கிவிட வேண்டும் என்று உரிமையாளர் கேட்டிருக்கிறார். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது, அந்தப் படகு தண்ணீரில் இறங்குவதற்குள் ஒருமுறை நேரில் வந்து பார்க்குமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். மகனையோ மகளையோ அழைத்துவர விரும்பும் பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாம், தவுக்கே சம்மதித்திருக்கிறார். வருகிறவர்கள் சேற்றுக்கு ஏற்ற காலணியோடு வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தச்சர்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.